வெளியே பார்த்தால் தெரியாது

வள்ளிக்கண்ணுவைத் தலைக்கனம் பிடித்தவள் என்று சொல்கிறவர்கள் ஸ்ரீரங்கத்தில் நாலைந்து பேராவது இருப்பார்கள். கடைத்தெருவில் எதிரே வந்து சிரிக்கப் போகிறவரைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போய்விடுவாள். ஒருமுறை துறையூர் பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்து, இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட வந்த அண்ணிக்கே பொறுக்கவில்லை.

"ஏண்டி, ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துருமா?"

இடம் கொடுத்தவர் அன்று காலை எட்டரை மணிக்கு அவளுக்கு எதிரே உட்கார்ந்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனவர்.

திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், எக்ஸ்ரே அறையைத் தாண்டினால் ஒரு நீளமான அறை உண்டு. போதை ஊசிப் பழக்கத்திலிருந்து மீள வருகிறவர்களுக்கு அங்கே தினமும் ஒரு மருந்து கொடுப்பார்கள். உடம்பின் நடுக்கத்தையும் வலியையும் அது தணித்து வைக்கும். ஆள் வேலைக்குப் போகலாம், சாப்பிடலாம், தூங்கலாம். ஒரு நாள் விட்டாலும் உடம்பு முறுக்க ஆரம்பித்துவிடும். வள்ளிக்கண்ணு அங்கே நர்ஸ். மாத்திரையை முழுசாகக் கொடுத்தால் கன்னத்தில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய் விற்றுவிடக்கூடும் என்பதால், நுணுக்கிப் பொடியாக்கி நாக்குக்கு அடியில் போடுவாள். கரைய ஐந்தாறு நிமிடம் ஆகும். அதுவரை எதிரிலேயே உட்கார வேண்டும், பேசக் கூடாது. கடைசியில் நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பாள். ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் பார்க்காமல் விட்டதில்லை.

துறையூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற குடும்பத்தில் மூன்றாவது பெண். நர்ஸ் படிப்பு முடித்த கையோடு கல்யாணம். லாரி ஓட்டிய கணவர் விபத்தில் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு ஏழு வயது. இப்போது மகள் பெரம்பலூரில் குடித்தனம் செய்கிறாள். வள்ளிக்கண்ணு அடையவளஞ்சான் தெருவில் ஒரு போர்ஷனில் தனியாக இருந்துகொண்டு, தினமும் ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய்வந்தாள். மருந்துக்கு வருகிறவர் எவ்வளவு சின்னவரானாலும் 'நீங்க' என்றுதான் பேசுவாள். வெளியே அவர்களை 'டேய்' என்று கூப்பிட நிறையப் பேர் இருந்தார்கள்.

வெளியே பார்த்தால் தெரியாது என்பது அந்த அறையின் சட்டம். அதை அவள் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த வருடம், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனைப் பார்த்து, "என்ன தம்பி, ரெண்டு நாளா வரலியே?" என்று கேட்டுவிட்டாள். பக்கத்தில் நின்ற அவன் மாமியார்க்காரி "எங்கே வரலை?" என்று பிடித்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அவன் பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பையன் அப்புறம் மருந்துக்கு வரவே இல்லை. அன்றிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் சொல்லித்தரும் முதல் பாடம் இதுதான். அவர்களாக வந்து பேசினால் பேசு. இல்லாவிட்டால் உனக்கு யாரையும் தெரியாது.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது, ஆஸ்பத்திரியில் பாதி வாசல்களைப் பூட்டினார்கள். இந்த அறையையும் மூடிவிடலாமா என்று நிர்வாகத்தில் ஒரு பேச்சு எழுந்தது. அறைக்குப் பொறுப்பான டாக்டர் ஹாலித் சத்தமாகப் பேசாதவர். அன்றைக்கு மட்டும், "மூடுங்க. நாலாவது நாள் அத்தனை பேரும் எமர்ஜென்சி வாசல்லதான் வந்து நிப்பாங்க, அப்ப எங்கே படுக்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தார். அறை திறந்தே இருந்தது. வெளியே சுண்ணாம்பில் வட்டம் போட்டு ஆட்களை நிறுத்தினார்கள். களப்பணிக்குப் போகும் ரசூல் சைக்கிளை எடுத்துக்கொண்டார். ஊசியை இன்னும் விட முடியாதவர்களுக்குப் புது ஊசி கொடுப்பதும், பழையதை டப்பாவில் வாங்கி வருவதும் அவர் வேலை. ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அவரும் ஒரு காலத்தில் நாக்கைத் தூக்கிக் காட்டியவர்தான்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நல்ல செய்தி வந்தது. மருந்தை ஒரு வாரத்துக்குச் சேர்த்து வீட்டுக்கே கொடுத்தனுப்பலாம். ஆனால் வீட்டு ஆள் ஒருவர் வந்து, பொறுப்பாக வைத்துக் கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அம்மாக்கள் வந்தார்கள், அண்ணன்கள் வந்தார்கள். தினமும் வந்துகொண்டிருந்த நாற்பத்திரண்டு பேரில் முக்கால்வாசிப் பேர் இப்படி வீட்டோடு இருந்துகொண்டார்கள்.

பிச்சைமுத்து ஒத்துக்கொள்ளவில்லை.

அவனுக்கு முப்பத்து நாலு வயது. ஸ்ரீரங்கத்தில் பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவன். அவன் உள்ளே நுழைந்தாலே அறையில் மல்லிகை வாசம் அடிக்கும். "சிஸ்டர், உங்க டெட்டாலுக்கும் என் பூவுக்கும் இன்னிக்கு யாரு ஜெயிக்கிறான்னு பாருங்க" என்பான். கல்யாணமாகி ஒரு வருடம் கழித்து அவனாகவே வந்து சேர்ந்தவன். மூன்று வருடத்தில் ஊசியைத் தொடவில்லை. மனைவி ஜோதிக்கு எதுவும் தெரியாது. சத்திரத்தில் சரக்கு ஏற்றப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வருவான்.

"ஜோதியைக் கூட்டிட்டு வாங்க. ஒரு கையெழுத்துதான்" என்றாள் வள்ளிக்கண்ணு.

"அவ என்னைய நல்லவன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா சிஸ்டர்."

"நல்லவர்தானே நீங்க?"

"இப்ப. முன்னாடி இருந்தானே ஒருத்தன், அவனை அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். நான் எப்படியாச்சும் வந்துர்றேன், விடுங்க."

வரத்தான் செய்தான். கோவிலும் பூ மார்க்கெட்டும் சாத்திக் கிடந்தாலும், பாலத்தைத் தாண்டிப் போகிற ஒரு காய்கறி வண்டியில் தொற்றிக்கொண்டு பத்து நாள் வந்தான். பிறகு ஒரு திங்கட்கிழமையோடு அந்த வண்டி நின்றுபோனது. செவ்வாய் வரவில்லை, புதனும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டே காலுக்கு, பாலம் ஏறுகிற இடத்தில் மாம்பழச் சாலைத் தடுப்பில் வள்ளிக்கண்ணு ஸ்கூட்டரை நிறுத்தினாள். அவள் வண்டியின் முன்னால் ஆஸ்பத்திரி பாஸ் ஒட்டியிருந்தது. அதில் பிரிவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. சப்-இன்ஸ்பெக்டருக்கு அதை வைத்து ஒரு விளையாட்டு.

"வாங்க போதை ஆஸ்பத்திரி அக்கா! எங்க ஏட்டையாவுக்கு ஒரு பெட் போட்டு வைங்க. டாஸ்மாக் மூடுனதிலேருந்து ஆளு சரியில்லை."

"மொதல்ல மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்துங்க சார். பெட் அப்புறம் பாப்போம்" என்றாள்.

சிரித்துக்கொண்டே திரும்பியவள், தடுப்புக்குப் பக்கத்தில் பிச்சைமுத்து நிற்பதைப் பார்த்தாள். அவ்வளவு வெயில் இல்லாத நேரத்தில் சட்டை நனைந்திருந்தது. மூக்கு ஒழுகியது, கைக்குட்டையை அதன்மேலேயே வைத்திருந்தான். அவனை நிறுத்தி வைத்திருந்த ஊர்க்காவல் படைக்காரர் அவன் தெருக்காரர்.

"இவன் எங்க தெருதான் சார். ஜோதின்னு ஒரு பொண்ணு, அது புருசன். ஆஸ்பத்திரிக்குப் போவணுங்கிறான். என்ன வியாதின்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். நேத்துவரைக்கும் கல்லுமாதிரி இருந்தாப்ல. ஏன் மாப்ள, என்னதான் செய்யுது ஒனக்கு?"

பிச்சைமுத்து தரையைப் பார்த்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் வள்ளிக்கண்ணுவிடம் திரும்பினார். "உங்க ஆஸ்பத்திரிக்குத்தானாம். உங்களுக்கு இவனைத் தெரியுமா அக்கா?"

பிச்சைமுத்து நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஒரு நொடிதான். பிறகு ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் சொல்லிக்கொடுத்த பாடம் அவனுக்கும் மனப்பாடம். அவன் பேசவில்லை. அவனாகப் பேசாவிட்டால் அவளும் பேசக் கூடாது. 'தெரியும்' என்று சொன்னால், வண்டியில் ஒட்டியிருக்கும் கொட்டை எழுத்தையும் அவனையும் சேர்த்துப் பார்க்க அந்தத் தெருக்காரருக்கு எவ்வளவு நேரமாகும்?

"தெரியாதுங்க" என்றாள் வள்ளிக்கண்ணு.

"கேட்டியா? போடா வீட்டுக்கு. காய்ச்சல்னா தெருவுக்கே ஆளு வருவாங்க."

அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். அவள் வண்டியைக் கிளப்பினாள்.

பாலத்தில் பாதி தூரம் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எங்க சித்தப்பா மகன் என்று சொல்லியிருக்கலாம். எங்க வீட்டுக்குப் பூ கொடுக்கிறவர், சர்க்கரை பார்க்க நான்தான் வரச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். ஏறிக்கொள்ளுங்க என்றால் ஏறியிருப்பான், நாலு நிமிடத்தில் அறைக்கு வந்திருப்பான். இத்தனை பதில் இருக்கும்போது அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது. வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தாள். தடுப்பில் அவன் இல்லை. அங்கே மருந்துக்குச் சுண்ணாம்பு வட்டங்களில் பத்துப் பேர் காத்திருப்பார்கள். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

மத்தியானம் அவன் செல்லுக்குப் போன் செய்தாள். பெண் குரல், "யாருங்க?" என்றது.

"ராங் நம்பர்" என்று வைத்துவிட்டாள். அரை மணி கழித்து மறுபடி செய்தாள். மறுபடியும் அதே குரல். வெள்ளிக்கிழமை காலை மூன்றாவது தடவை செய்தபோது அந்தக் குரல் "யாருடி நீ?" என்று கத்தியது. அதற்கப்புறம் போன் அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

டாக்டர் ஹாலிதிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"வீட்டாள் கையெழுத்து வேணுமே சிஸ்டர்."

"நான் போடுறேன் சார்."

"யாருன்னு போடுவீங்க?"

"அக்கான்னு போடுறேன். கேக்கறவங்க வந்து கேட்கட்டும்."

அவர் மூன்று நாளைக்கு எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாத்திரைப் பொட்டலத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் அவன் குடியிருந்த சந்துக்குள் நடந்தாள். காய்கறி வாங்க வந்தவள்போலக் கையில் பை. எந்த வீடு என்று கேட்க முடியாது. கேட்க வேண்டியும் இருக்கவில்லை. ஒரு வீட்டின் கதவு சாத்தியிருந்தது, வாசற்படியில் ஒரு பெண் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சந்தில் வருகிற போகிற ஒவ்வொரு பொம்பளையையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளிக்கண்ணுவையும் பார்த்தாள். வள்ளிக்கண்ணு சந்தின் முனைவரை போனாள், நின்றாள், திரும்பி வந்தாள். இரண்டாவது தடவையும் அந்தப் பெண் கண்ணை எடுக்கவில்லை. உள்ளே யாரோ இருமுவது கேட்டது. வாயைத் திறந்திருந்தால் போதும். திறக்காமல் கடந்து போனாள்.

சனிக்கிழமை காலை போனபோது அந்தக் கதவு பூட்டியிருந்தது. பொட்டலம் அவளிடமே இருந்தது.

திங்கட்கிழமை ரசூல் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து, அறையில் வேறு யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டார்.

"பிச்சைமுத்து போயிட்டான் சிஸ்டர். நேத்து மத்தியானம் கொள்ளிடக் கரையில. கூட இருந்தவன் பயந்துபோயி ஊசியை எடுத்துக்கிட்டு ஓடிட்டான். அவன்தான் என்கிட்ட வந்து அழுதான். மூணு வருசத்துக்கு முன்னாடி எவ்வளவு போடுவானோ அவ்வளவே போட்டிருக்கான். ஒடம்பு பழைய ஒடம்புன்னு நெனச்சுட்டான். பழக்கம் விட்டுப்போன ஒடம்பு அதைத் தாங்கலை."

ஓடிப்போனவனைத் திட்ட ரசூலுக்கு வாய்வரை வந்ததாம். திட்டவில்லை. திட்டினால் அடுத்த வாரம் புது ஊசி வாங்க அவனும் வரமாட்டான்.

வள்ளிக்கண்ணு அடுத்த ஆளுக்கு மாத்திரையை நுணுக்கினாள். நாக்குக்கு அடியில் போட்டாள். ஆறு நிமிடம் எதிரே உட்கார்ந்திருந்தாள். டார்ச்சை எடுத்துப் பார்த்தாள். அன்று வந்த கடைசி ஆள் போகும்வரை அப்படியே செய்தாள். பிறகு எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில், துணி துவைக்கிற தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். ரசூல் அந்தப் பக்கம் யாரும் வராமல் பார்த்துக்கொண்டார்.

தெருவில் மாரடைப்பு என்று பேசிக்கொண்டார்கள். கொரோனாவோ என்று சோதித்துப் பார்த்து, இல்லை என்று தெரிந்தபிறகுதான் உடலைக் கொடுத்தார்கள். இருபது பேருக்கு மேல் வரக் கூடாது என்ற நாட்கள். வள்ளிக்கண்ணு போகவில்லை. யாரென்று சொல்லிக்கொண்டு போவது?

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவள் செல்லில் பிச்சைமுத்துவின் நம்பர் வந்தது. எடுத்தாள்.

"இந்த நம்பர்லேருந்து மூணு தடவை வந்திருக்கு" என்றாள் ஜோதி. அன்றைக்குக் கத்திய குரல் இல்லை இது. "நான் சண்டை போட வரலீங்க. எனக்குத் தெரிஞ்சா போதும். தெனமும் காலையில அவரு உங்களப் பார்க்கத்தான் வந்தாரா?"

ஆமாம் என்றால் அதுவும் உண்மைதான். "நாளைக்குச் சொல்றேம்மா" என்று வைத்தாள்.

டாக்டரிடம் கேட்டாள். செத்தவருடைய ரகசியமும் ரகசியம்தான் என்று விதி சொல்கிறது என்றார் அவர். பிறகு, "அந்தப் பொண்ணு என்ன நெனச்சுக்கிட்டு இருக்குன்னும் யோசிங்க. நான் போங்கன்னும் சொல்லலை, போகாதீங்கன்னும் சொல்லலை" என்றார்.

மறுநாள் மத்தியானம் அதே வாசற்படியில் போய் நின்று, போன் செய்தது தான்தான் என்றாள். ஜோதிக்கு அடையாளம் தெரிந்தது.

"அன்னிக்கு ரெண்டு தடவை போனீங்களே, நீங்கதானா? நெனச்சேன்." அவள் வள்ளிக்கண்ணுவின் நரைத்த வகிட்டைப் பார்த்தாள், ஆஸ்பத்திரி அடையாள அட்டையைப் பார்த்தாள். குழப்பத்தோடு, "உக்காருங்க" என்றாள்.

வள்ளிக்கண்ணு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவனுக்கு இருந்த பழக்கம், அவனாகவே வந்து சேர்ந்தது, மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போகாதது. பாலத்துத் தடுப்பில் தான் சொன்ன வார்த்தையையும் சொன்னாள். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

ஜோதி அழவில்லை.

"மூக்கு ஒழுகிக்கிட்டு, ஒடம்பு முறுக்கிக்கிட்டு, சோறு எறங்காம கெடந்தாரு. பக்கத்து வீட்டுல எல்லாம் கொரோனாங்குறாங்க. இவரு ஒரு மணி நேரம் வெளியே போயிட்டு வந்துர்றேன், எல்லாம் சரியாப் போயிரும்னாரு. போனு வேற வந்துச்சா, அவகிட்டதான் போறாருன்னு நெனச்சு நான் கதவப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டேன். ரெண்டு நாளுங்க. சனிக்கெழமை புள்ளைக்குப் பால் வாங்கப் பூட்டிட்டுப் போன நேரத்துல ஓட்டைப் பிரிச்சு எறங்கிப் போயிட்டாரு."

வள்ளிக்கண்ணு அவள் கையைப் பிடிக்கப் போனாள். ஜோதி கையைக் கொடுக்கவில்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை.

"அந்த மருந்து கசக்குமா?"

"கசக்கும்."

"அதான். வீட்டுக்கு வந்த ஒடனே ஒரு பிடி சர்க்கரையை அள்ளி வாயில போட்டுக்குவாரு. என்ன இது சின்னப் புள்ளையாட்டம்னு திட்டுவேன்." அப்புறம், "வீட்டுல வச்சுக் கொடுக்க முடியாதா அதை?" என்று கேட்டாள்.

"கொடுக்கலாம்மா. வீட்டு ஆள் ஒருத்தர் கையெழுத்துப் போடணும்."

"நான் போட்டிருப்பேனே" என்றாள் ஜோதி.

உள்ளே குழந்தை எழுந்து சிணுங்கியது. அவள் எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. வள்ளிக்கண்ணு கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கதவைப் பாதி சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓட ஆரம்பித்தபிறகும் அவள் ஒரு வேலையை விடவில்லை. மருந்துக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், வெளியே யாராவது கேட்டால் நான் உங்களுக்கு யார் என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். சித்தி என்றார் ஒருவர். ரேஷன் கடையில் பழக்கம் என்றார் இன்னொருவர். எல்.ஐ.சி. போட்டுக் கொடுத்த அக்கா, மச்சினியின் டீச்சர், முன்னால் குடியிருந்த வீட்டுக்காரம்மா. "மாமியார்னு சொல்லிருங்க சிஸ்டர், எல்லாரும் ஓடிருவாங்க" என்று ஒருவர் சொன்னதற்கு அறையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே அதை எழுதினாள்.

அரியமங்கலத்துப் பட்டறையிலிருந்து புதிதாக வந்த ஒருவர், "தெரியாதுன்னே சொல்லிடுங்க, அதான் சுலபம்" என்றார்.

"அதை எழுத மாட்டேன்" என்றாள் வள்ளிக்கண்ணு. "வேற ஏதாச்சும் சொல்லுங்க."

அவருக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றவில்லை. பின்னால் நாலு பேர் நின்றார்கள். அவள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.